யான் கரையில் எடுத்த பன்னிரண்டு படங்கள்

அக்கா,

நேற்று அலோர் ஸ்டாரில் என் கையைப் பார்த்தேன். ஒரு மண்டபத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், துணி சுற்றிய என் இடது கை ஓர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கைக்குப் பின்னால் யான் என்கிற ஊரின் கடற்கரையில் இருந்த தோக் மான் தாத்தா வீட்டின் பலகைச் சுவர். மணிக்கட்டுக்கு மேல் நான் இல்லை. பலகையின் நீளம் தெரிய ஒரு கோல் வேண்டும், கோலைப் பிடிக்க ஒரு கை வேண்டும், அதற்கு மேல் ஒரு முகம் எதற்கு என்று அன்று நீ நினைத்திருப்பாய். இத்தனை வருஷம் கழித்துப் பார்த்தபோதும் எனக்குச் சுருக்கென்றது.

மகன்தான் மெர்கோங்கிலிருந்து காரில் கூட்டிப் போனான். "மா, யான் பக்கத்துப் பழைய படமெல்லாம் வெச்சிருக்காங்களாம். சும்மா வந்து பாருங்கலா. வீட்ல ஒக்காந்து என்ன செய்யப் போறீங்க?" என்றான். ஏதோ பழைய படங்கள் என்றுதான் போனேன். உள்ளே நுழைந்தால் வரிசையாகப் பதினொன்று. படகின் முன்முனையான அணியம், சுக்கான், செதுக்கிய சன்னல் கதவு, நெல் குத்தும் உரல், சுவர். எல்லாம் நீ எடுத்தவை. எல்லாம் என் கையால் கழுவியவை. ஒவ்வொன்றின் கீழும் சின்ன அட்டையில் பொருளின் பெயர், ஊரின் பெயர், கடைசி வரியில் 'எடுத்தவர்: தெரியவில்லை.'

மேசையில் உட்கார்ந்திருந்த பெண் நம் தமிழ்ப் பிள்ளைதான். நான் ஒரே படத்தின் முன்னால் நெடுநேரம் நிற்பதைப் பார்த்து எழுந்து வந்தாள். "பாட்டி, யான்லயா இருந்தீங்க?"

"இல்லம்மா. இத எடுத்தவள எனக்குத் தெரியும்."

அவள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். அக்கா, அந்த அரை நிமிஷத்தை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. என் பெயரைச் சொல்லலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. மறுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? பிறகு உன் பெயரைச் சொன்னேன். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். வயிறு எரிந்துகொண்டேதான் சொன்னேன்.

நீ இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். அண்ணன் தம்பியைக் கட்டி ஒரே வீட்டுக்கு வந்தோம். நீ மூத்தவர் மனைவி, நான் இளையவர் மனைவி, அது முறை. ஆனால் நீ போன வயதை நான் தாண்டி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கணக்குப்படி இப்போது நான்தான் மூத்தவள். அதனால் இந்த மடலில் நீ வெறும் நீதான்.

எதில் எல்லாம் உன்மேல் எனக்குப் பொறாமை என்று எழுதத் தொடங்கினால் தாள் போதாது. ஒன்றுமில்லாத நாளில் புளியையும் உப்பையும் வைத்து நீ ரசம் வைத்தால் பக்கத்துக் கடைக்காரர் வாசம் பிடித்து எட்டிப் பார்ப்பார். என் வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்ததும் "அண்ணி கை அண்ணி கைதான்" என்பார், அன்று சமைத்தது நானாக இருந்தாலும். ஆனால் பெரிய பொறாமை கேமராதான். நம் படக்கடைக்கு வரும் மலாய்ப் பெண்கள் ஆண்கள் முன்னால் முகம் காட்டி நிற்கக் கூச்சப்பட்டார்கள். அதனால் உன் வீட்டுக்காரர், பெரியவர், உனக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். எனக்கு என் வீட்டுக்காரர் கற்றுக்கொடுத்தது இருட்டறை வேலை. மருந்து கலக்குவது, படம் பதிந்த கண்ணாடித் தகடுகளைக் கழுவுவது. நீ வெளிச்சத்தில் நின்றாய், நான் ஈரத்தில் நின்றேன். வருகிறவர்கள் எல்லாரும் உன்னைத்தான் கேட்பார்கள்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். கடையில் இருந்த பெரிய கேமராவைக் கொடுத்துவிட்டோம். மடிக்கிற சின்ன மரக் கேமராவையும் பன்னிரண்டு தகடு இருந்த ஒரு பெட்டியையும் அரிசிப் பானைக்குள் ஒளித்தோம். பானையில் அரிசி இல்லை என்பதால் இடம் இருந்தது. ஒருநாள் அண்ணனும் தம்பியும் மரவள்ளிக்கிழங்கு வாங்க ஓர் எஸ்டேட்டுக்குப் போனார்கள். அங்கே ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரையும் லாரியில் ஏற்றிச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள் என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது. நான் தரையில் புரண்டு அழுதேன். நீ போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டாய். உன்னால் எப்படி அழாமல் இருக்க முடிந்தது என்று அப்போதும் எனக்கு எரிச்சல்.

மாதங்கள் போயின. கிழங்கு தின்று தின்று என் இரண்டு கையிலும் சொறி பிடித்துப் புண்ணாகிவிட்டது. பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தோக் மான் வந்தார். நரைத்த தாடி, கட்டம் போட்ட சாரோங், கைக்குட்டையில் முடிந்த பிடியளவு அரிசி.

"துக்காங் கம்பார் எங்கே?" என்றார். படம் எடுக்கிறவர் எங்கே என்று.

ஆண்கள் சயாமுக்குப் போய்விட்டார்கள் என்றேன்.

"ஆண்களைக் கேட்கவில்லை. என் மகள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தாளே, அந்தப் பெண்."

அவர் மலாயில் சொன்னது எனக்கு இன்னும் வரிக்கு வரி நினைவிருக்கிறது. அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் ஒரு படகில் கடல் தாண்டி வந்தாராம். வந்தவர்கள் இனித் திரும்பிப் போவதில்லை என்று முடிவு செய்து படகைப் பிரித்து அதே பலகையால் வீடு கட்டினார்கள். அந்தக் கரையில் அதுதான் முதல் வீடு. அதைச் சுற்றித்தான் கம்பமே, அந்தக் கிராமமே, உண்டானது. இப்போது ஜப்பான்காரன் மரம் வேண்டும் என்று கணக்கெடுத்துப் போயிருக்கிறான். கப்பல் கட்டப் போகிறானாம். "வீடு போய்விடும். அப்படி ஒரு வீடு இருந்தது என்று காட்ட ஏதாவது வேண்டும். என்னிடம் வெள்ளிக் காசு இல்லை, அரிசி தருகிறேன்" என்றார்.

அவர் போனபின் நான் சொன்னேன்: "வேணாங்க்கா. கடல் பக்கம் கேமராவோட புடிச்சா உளவு பாக்க வந்தோம்னு கொண்டு போயிருவான். தலை மிஞ்சாது."

"அரிசி கெடைக்கும் தங்கச்சி," என்றாய். "உன் கையப் பாரு. இன்னும் கெழங்கே தின்னா வெரல் அழுகிப்போயிரும்."

நான் அதை நம்பவில்லை. ஆண்களை விட்டு உன்னைத் தேடி ஒரு கிழவர் யானிலிருந்து வந்துவிட்டார், அந்தக் கர்வத்தில்தான் நீ கிளம்புகிறாய் என்று நினைத்தேன்.

தோக் மாட்டு வண்டியோடு வந்தார். கேமராவும் தகடுகளும் கருவாட்டுக் கூடைக்கு அடியில். முக்காலியின் கால்களைக் கழற்றி விறகோடு விறகாகக் கட்டினோம். வயல் தாண்டி, ஜெராய் மலை ஒரு பக்கம் மெல்ல மெல்லப் பெரிதாகி, மறுபக்கம் சேற்றுக் கடலின் வாடை வந்தபோது நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். உனக்கு முகமே மாறிப்போயிருந்தது. கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி இருந்தாய்.

முதல் நாள் முழுக்க நீ ஒரு படமும் எடுக்கவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாய். வெயில் எந்தச் சுவரில் எப்போது விழுகிறது என்று பார்த்தாய். எனக்குப் பயத்தில் காய்ச்சலே வந்துவிடும் போலிருந்தது. காலையெல்லாம் அந்தப் பலகைச் சுவரில் சாய்ந்துகொண்டு ஊருக்குள் வரும் சடக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன், லாரி வருகிறதா என்று.

மறுநாள் கேட்டாய்: "தங்கச்சி, நீ சாஞ்சிருக்கிற சொவத்துல என்ன தெரியுது?"

"பூச்சி அரிச்ச ஓட்ட."

"நல்லாப் பாரு. பூச்சி இப்படியா வரிசையா அரிக்கும்? பலகையும் பலகையும் சேர மரமுளை அடிச்ச ஓட்ட. இந்த வளைவப் பாரு. இது சொவரே இல்ல. படகுலா."

நீ தமிழில் சொன்னது தோக்குக்குப் புரியவில்லை. ஆனால் உன் விரல் அந்த ஓட்டைகளின் மேல் வரிசையாகப் போனதைப் பார்த்து அவர் தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார். நானும் அதே சுவரில்தான் சாய்ந்திருந்தேன். என் முதுகில் அந்த ஓட்டைகளின் அச்சுகூட விழுந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்தது. இதைவிடப் பொறாமைப்பட ஒருத்திக்கு வேறென்ன வேண்டும்?

கரிய துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நீ வேலையைத் தொடங்கினாய். படகின் அணியத்தை வாசலுக்கு மேல் வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு தகடு. சுக்கானைக் கதவுத் தாழ்ப்பாளாக்கி இருந்தார்கள், அதற்கு ஒன்று. கரைக்குப் படகு வந்தால் தட்டி ஊரைக் கூட்டுகிற குடைந்த மரம், கொடி செதுக்கிய சன்னல், வந்தவர்கள் முதல் நெல்லைக் குத்தியதாகச் சொல்லப்பட்ட உரல். நான் கோலைப் பிடித்தேன். கம்பத்துப் பெண்கள் சுற்றி நின்று உன்னைப் பார்த்தார்கள். சாப்பாட்டுத் தட்டு முதலில் உனக்கு வந்தது. இரவல் பாய்களில் நல்ல பாய் உனக்கு.

மூன்றாம் நாள் ஒரே ஒரு தகடு மிஞ்சியது. தோக்கின் மனைவி சொன்னாள், படம் எடுக்கிறவளையும் ஒன்று எடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள் என்று. நீ மறுத்தாய், தகடு வீணாகும் என்றாய். அவர்கள் விடவில்லை. நீ என்னைக் கூப்பிட்டாய்.

"நான் எண்ணச் சொன்னா எண்ணு. மூடியக் கழட்டு, நாலு எண்ணு, மூடு. அவ்வளவுதான்."

என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே படம் அது. துணிக்குள் தலையை விட்டேன். கண்ணாடியில் எல்லாமே தலைகீழாக இருந்தது. வானம் கீழே, மண் மேலே, நடுத்தூணைப் பிடித்துக்கொண்டு நீ வௌவால் மாதிரி. கடற்காற்றில் உன் முந்தானை பறந்தது. நான் உள்ளேயிருந்து, "ஆடாதீங்கக்கா, கவுந்து விழுந்துறப் போறீங்க!" என்று கத்தினேன். நீ சிரித்துவிட்டாய். வாயைப் பொத்தாமல், பல் தெரிய. பெரியவரைக் கொண்டுபோனபிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அந்த நான்கு எண்ணும்வரை எனக்கு உன்மேல் பொறாமை இல்லை. சத்தியமாக இல்லை.

மூடியை மூடிவிட்டு வெளியே வந்தேன். "தங்கச்சி நல்லா எடுத்திருப்பா" என்று சொல்லிக்கொண்டே நீ கேமராவை மடக்கினாய். என்னை ஒரு படம் எடுக்கவில்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை. தகடும் இல்லை.

திரும்பி வரும்போது ஊர் எல்லையில் காவல். ஒரு ஜப்பான் சிப்பாய், கூட ஓர் உள்ளூர் மாத்தா, போலீஸ்காரன். இறங்கிக் குனிந்து வணங்கினோம். மாத்தா கருவாட்டுக் கூடையைக் காலால் தட்டினான். சிப்பாய் ஏதோ சொன்னான். "கொட்டு" என்றான் மாத்தா. கொட்டினால் கேமரா, பெட்டியைத் திறந்தால் தகடெல்லாம் வெளிச்சம் பட்டுப் போகும், அதற்குப் பிறகு நாம் என்ன ஆவோம் என்று நினைக்கக்கூட முடியவில்லை. உன்னைப் பார்த்தேன். நீ கூடையையே பார்த்தபடி அசையாமல் நின்றாய். முதல்முறையாக உனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. கைத்துணியை இரண்டு கையிலும் அவிழ்த்தேன். சீழ் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. புண்ணாகிப்போன கைகளைச் சிப்பாயின் முகத்துக்கு நேரே நீட்டி, "துவான், ஓபாட், ஓபாட்" என்று மருந்து கேட்டு அழுதுகொண்டே அவனைத் தொடப் போனேன். தொற்றுநோய் என்று பயந்து பின்னால் தாவினான். துப்பாக்கி முனையால் போ போ என்று காட்டினான். மாட்டு வண்டி அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

பாலம் தாண்டியதும் துணியை மறுபடி கைகளில் சுற்றிக்கொண்டேன். நீ ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை போதும். நீ கூடைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே கேட்டாய்: "தகடு ஒடையலையே?"

அவ்வளவுதான் அக்கா. அந்த இரண்டு சொல் மட்டும் வேறாக இருந்திருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

நம் ஊர்ச் சூட்டுக்குத் தகடு கழுவ விடியலில்தான் முடியும். ஐஸ் கிடைக்காத காலம். கிணற்றுத் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே கழுவி, வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் சூடானால் தகட்டின் மேல்பூச்சு இளகி, பாலாடை மாதிரி உரிந்து மிதந்துவிடும். மறுநாள் விடியலில் பதினொரு தகடுகளைப் புண்ணில் மருந்து எரிய எரியக் கழுவினேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. பன்னிரண்டாவதைக் கடைசியாகக் கழுவினேன். சிவப்பு விளக்கில் நீ மெல்ல எழுந்து வந்தாய். படம் நன்றாக வந்திருந்தது. நான் எடுத்த படம். அதிலும் நீதான் அழகாக இருந்தாய்.

தட்டைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்தேன். தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. வெயில் முதலில் கிணற்றுச் சுவரில் விழுந்தது, பிறகு தட்டில் விழுந்தது. நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரம் சுருங்கியது. பிறகு உன் முந்தானை மடங்கியது. பிறகு நீ மொத்தமாக உரிந்து தண்ணீரில் சுருண்டாய். நான் தட்டைச் சாய்த்தேன்.

நீ வந்து வெறும் கண்ணாடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாய். "தண்ணி சூடாயிருச்சுக்கா" என்றேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்தாய். "கண்ணாடி நல்லா இருக்கு. தொடச்சு வை, எதுக்காவது ஆகும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய்.

கடையில் மிஞ்சியிருந்த காகிதத்தில் பதினொரு படங்களையும் போட்டுத் தகடுகளோடு தோக்கிடம் கொடுத்தோம். அவர் பன்னிரண்டாவதைக் கேட்டார். "வெயில்ல போயிருச்சு தோக், என் தப்பு" என்றாய். அந்தப் பழியைக்கூட நீயே எடுத்துக்கொண்டாய், எனக்கென்று விட்டுவைக்கவில்லை. அவர் தந்த அரிசியில் கஞ்சி காய்ச்சினாய். என் கை ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. அந்த மாதமே வீட்டைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சேதி வந்தது.

சண்டை முடிந்து சில மாதம் கழித்து ஒரு காலையில் கதவைத் தட்டினார்கள். நீதான் திறந்தாய். எலும்பும் தோலுமாக ஒரு ஆள் நின்றான். என் வீட்டுக்காரர். "அண்ணி" என்று உன் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். அண்ணனைச் சயாம் காட்டிலேயே புதைத்துவிட்டு வந்திருந்தார். நான் உனக்குப் பின்னால் நின்றேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. என் புருஷன் திரும்பி வந்து முதலில் பார்த்த முகம் உன் முகம், முதலில் தொட்டது உன் பாதம் என்றுதான் எனக்குத் தோன்றியது. உன் தாலி போன அந்த நிமிஷத்திலும் நான் உன்மேல் பொறாமைப்பட்டேன். நீ திரும்பி, கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல், "தங்கச்சி, உன் ஆளு வந்துட்டாரு. நிக்காத, தண்ணி குடு" என்றாய். அன்று மத்தியானம் இருட்டறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நீ அழுத சத்தம் எனக்குக் கேட்டது. நான் கதவைத் தட்டவில்லை. தட்டியிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் எனக்குப் புருஷன், பிள்ளை, எல்லாம் இருந்தது. உனக்குக் கேமரா மட்டும் இருந்தது. பொறாமைப்பட வேண்டியவள் நீ. ஒருநாளாவது என்னைப் பார்த்து நீ பெருமூச்சு விட்டிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். நீ என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விடுவாய்.

ஒரு பொங்கலுக்கு என் வீட்டுக்காரர், "அண்ணி, ஊரையே படம் எடுக்கறீங்க, உங்களுக்கு ஒரு படம் இல்லையே, ஒக்காருங்க" என்றார். நீ சிரித்தாய். "ஒரு தடவ எடுத்தாச்சு. தங்கச்சி நல்லாத்தான் எடுத்தா." பிறகு அடுப்படிக்கு வந்து, நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, தாழ்ந்த குரலில் சொன்னாய்: "அன்னைக்கு உன் கை காஞ்சிருந்துச்சு தங்கச்சி. தண்ணிய மாத்துறவ கை காஞ்சிருக்குமா?" நீ என் கையிலிருந்து பானையை வாங்கிக்கொண்டாய். "வண்டியில உன்னத்தான் மொதல்ல கேட்டிருக்கணும். தகடக் கேட்டுட்டேன்" என்றாய். அவ்வளவு வருஷமும் உனக்குத் தெரிந்திருக்கிறது. என்னைப் போலவே நீயும் அந்த இரண்டு சொல்லைச் சுமந்திருக்கிறாய்.

அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தப்பை ஒப்புக்கொள்வதிலும் நீ முந்திக்கொண்டாயே என்று நின்றேன்.

நீ போன அன்று மாலை போட ஒரு படம் தேடினோம். கடை முழுக்க ஊரார் முகம். உன் முகம் இல்லை. கடைசியில் அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கினார்கள். யாரையோ முறைத்துக்கொண்டு நிற்கிற ஒரு கிழவி. உன்னைப் பார்க்காதவர்கள் அதுதான் நீ என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆனால் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்த அந்தப் பெண் என்னிடம் இருக்கிறாள். துணிக்குள் ஒருமுறை தலைகீழாகப் பார்த்தேன். சிவப்பு விளக்கில் ஒருமுறை வெள்ளை கறுப்பாக, கறுப்பு வெள்ளையாகப் பார்த்தேன். நேராக, உள்ளபடி, ஒருநாளும் பார்க்கவில்லை. இப்போது கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் திருப்பிப் பார்க்கிறேன். சில நாள் நேராக வந்துவிடுகிறாய்.

உன்,
தங்கச்சி